சிறுகச் சிறுகக் குறைந்த பருமன்

ஆண்டு பிறந்ததும் உடம்பை மெலிவிப்பேன் என்று உறுதி பூணுவோர் பலர். மாதமொன்று கழியுமுன் அதனைக் கைவிடுவோரும் அவர்களே. இதற்குக் காரணம் மனவலிமை இன்மையே என்று நாம் எளிதிற் கூறிவிடுகின்றோம். அது முற்றும் உண்மைதானா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் வாழ்ந்த வில்லியம் பான்ரிங் என்னும் பெரியவரின் வரலாறு இவ்வினாவிற்குத் தக்க விடை பகர்கின்றது.

பான்ரிங் 1796 ஆம் ஆண்டு பிறந்தவர். பிரேத அடக்கத்திற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்தல் அவருடைய குடும்பத் தொழில். அரச குடும்பத்தாரின் இறுதிச் சடங்குகளையும் அக்குடும்பத்தார் பொறுப்பேற்று நடத்தி வந்தனர். அவர் பெருந்தீனிக்காரருமல்லர், சோம்பேறியுமல்லர். எனினும் முப்பது வயதைக் கடந்தபின் அவருடைய உடம்பு பருக்கத் தொடங்கிற்று. முதுமையில் குனிந்து சப்பாத்துக் கட்டவும் அவரால் இயலவில்லை. மூட்டுக்கள் பாரந் தாங்கமாட்டாமையால் மாடிப்படிகளில் பின்புறமாகவே மெல்ல மெல்ல இறங்கினார். இத்துன்பங்களோடு பிறருடைய ஏளனமும் சேர்ந்தது. பொதுவிடங்களிற் கேட்ட கொடுஞ்சொற்களுக்கு நாணி, வெளியே செல்வதையே அவர் குறைத்துக்கொண்டார்.

அவர் முயலாமல் இருந்தாரா? இல்லை. வைத்தியர் ஒருவரின் சொற்படி அதிகாலையில் நெடுநேரம் படகு வலித்தார். தசைகள் வலுப்பெற்றன, பசியும் உடன் பெருகிற்று, பசிக்கு உண்டார், மேலும் பருத்தார். குதிரைச் சவாரி, கடல் நீராடல், நீராவிக் குளியல், ஊற்றுநீர் மருந்து என ஒன்றன்பின் ஒன்றாக யாவற்றையுங் கைக்கொண்டார். எவையும் நிலைத்த பயன் தரவில்லை. இத்துணை ஆண்டுகள் தளராது முயன்ற ஒருவரை மனவலிமை அற்றவர் என்று யார் கூறுவார்?

1862 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் காது மந்தமுற்றமையால் வில்லியம் ஹார்வி என்னும் செவி வைத்தியரை நாடினார். பரிஸ் நகரிற் குளோட் பேர்ணாட் என்னும் அறிஞரின் விரிவுரைகளைக் கேட்டு, உணவிலுள்ள சீனியையும் மாப்பொருளையும் பற்றிச் சிந்தித்தவர் ஹார்வி.  பாண், பட்டர், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்குக என்றார். பான்ரிங் நாடோறும் விரும்பி உண்டவை இவையே.

அன்று அவருடைய உயரம் 5 அடி 5 அங்குலம். நிறை 202 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 92 கிலோகிராம். அவர் குறித்த நாள்களில் தம்மை நிறுத்து, அளவைக் குறித்துவந்தார். வாரத்திற்கு ஓர் இறாத்தலுக்குச் சற்றுக் குறைவாகவே நிறை இறங்கிற்று. ஓராண்டு நிறைவில் 156 இறாத்தல் ஆயினார். 46 இறாத்தல் குறைந்தது. இடுப்பளவோ 12 அங்குலத்திற்கு மேல் சுருங்கிற்று. காதும் தெளிந்தது, படிகளில் முன்னோக்கி இறங்கினார். தாம் பெற்ற பயனைப் பிறரும் பெறவேண்டுமென்று 1863 ஆம் ஆண்டு ஒரு சிறு நூலைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். மருத்துவர் சிலர் அவரை எள்ளினர். மக்களோ அந்நூலை விரும்பிக் கற்றனர். உணவைக் கட்டுப்படுத்தி மெலிதலைக் குறிக்கும் சுவீடிய வினைச்சொல் இன்றும் அவர் பெயரினின்று வந்ததாகவே உள்ளது. 1878 ஆம் ஆண்டு, தமது 81 ஆம் வயதில் அவர் காலமானார்.

அவர் உண்ட உணவை அப்படியே நாமும் உண்ணவேண்டும் என்பது இதன் கருத்தன்று. அதிலே புலாலும் மதுவும் மிகுந்திருந்தன. அவை நமக்கு வேண்டற்பாலன அல்ல. நாம் கொள்ளத்தக்கது அவர் கையாண்ட முறையே. அவர் பட்டினி கிடக்கவில்லை. நாளொன்றுக்கு நான்கு வேளை உண்டார். அன்றாடம் வந்துசேரும் வேண்டாப் பொருள்களை இனங்கண்டு நிறுத்தினார், அளந்தார், பொறுத்திருந்தார்.

நம்மில்லங்களில் அத்தகைய பொருள் எது? தேநீரில் இடும் சீனியை எண்ணிப் பாருங்கள். வேளைக்கு இரண்டு தேக்கரண்டியாக ஐந்து வேளை அருந்துவோர் நாளொன்றுக்கு 40 கிராம் சீனியேனும் உட்கொள்கின்றனர். வளர்ந்தோர் ஒருவர்க்கு எல்லா வகையாலும் சேரும் சீனி 50 கிராமிற்குக் குறைவாக இருத்தல் வேண்டும். 25 கிராமிற்குக் குறையின் மேலும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வகுத்த அளவு. சோற்றை ஒரு கரண்டி குறைத்து, அவ்விடத்திற் கீரையும் பருப்பும் வைத்தலும் அரிய செயலன்று. இவற்றோடு வாரத்தில் 150 நிமிட நடை சேர்தல் வேண்டும். நடையினால் மட்டும் பருமன் விரைந்து குறையாது. ஆயின் குறைந்த நிறையைக் காக்கவும் இருதயத்தைப் பேணவும் அது பெருந்துணையாகும். தெற்காசியராகிய நமக்கு இடுப்பளவு ஆடவரில் 90 சென்ரிமீற்றரும் பெண்டிரில் 80 சென்ரிமீற்றரும் எல்லை என்பதனையும் நினைவிற் கொள்க.

புதுச் செயலொன்று எத்துணை நாளிற் பழக்கமாகும்? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் 96 பேரை ஆராய்ந்து 2010 இல் முடிவை வெளியிட்டனர். சிலர்க்கு 18 நாள். சிலர்க்கு 254 நாள் எனக் கணிக்கப்பட்டது. நடுத்தர அளவு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறினும் பழக்கம் கெடவில்லை என்பதும் அவர்கள் கண்ட உண்மை. ஒரு நாள் வழுவியதும் எல்லாம் போயிற்றென்று கைவிடுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று. உணவிற்குப்பின் நடப்பேன் என ஒரு செயலை நாடோறும் நிகழும் வேறொரு செயலோடு இணைத்துக்கொள்வோர்க்குப் பழக்கம் எளிதிற் படியும்.

நீரிழிவிற்கு மருந்துண்போர் தம் வைத்தியரைக் கேட்டே உணவை மாற்றவேண்டும். வளரும் பிள்ளைகளைப் பட்டினி போடுதல் தகாது. அவர்கட்கு வேண்டியது விளையாட்டும், வீட்டார் அனைவரும் சேர்ந்துண்ணும் நல்லுணவுமேயாம். தாயுந் தந்தையும் சீனியைக் குறைத்த வீட்டிற் பிள்ளைக்கு அறிவுரை வேண்டுவதில்லை.

மாணவர்களே, வகுப்பிற் பருத்த தோழன் ஒருவன் இருப்பின் அவனுக்குப் பட்டப்பெயர் இடாதீர்கள். ஏளனத்தால் ஓர் இறாத்தலும் குறைந்ததில்லை. அஃது அவனை விளையாட்டிடத்தினின்றும் விரட்டும். மாலையில் அவனையும் உங்கள் ஆட்டத்திற்கு அழையுங்கள்.