வல்லார்பாடத்துச் சேற்றில் ஒளிந்திருக்கும் திராவகம்

எர்ணாகுளத்திலிருந்து கோஸ்ரீ பாலங்களைத் தாண்டி வல்லார்பாடம் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது மாதா கோயிலும், 2011-ல் திறக்கப்பட்ட கன்டெய்னர் துறைமுகமும்தான். ஊர்ப் பெயரின் வாலில் நிற்கும் 'பாடம்' என்ற சொல்லை யாரும் கவனிப்பதில்லை. மலையாளத்தில் அது வயலைக் குறிக்கும். வைப்பின், கடமக்குடி எனச் சுற்றியுள்ள தீவுகளில் பொக்காளி நெல் விளைவது உப்பும் புளிப்பும் சேர்ந்த சேற்றில்.

உப்பு கடலிலிருந்து வருவது. புளிப்பு எங்கிருந்து வந்தது?

இந்தக் கறுப்புச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற பொருள் இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் கிடக்கும்வரை அது பரம சாது. சேறு காய்ந்து காற்றுப் பட்டதும் பிராண வாயுவுடன் கூடிக் கந்தகத் திராவகமாகிவிடுகிறது. கார் பாட்டரியில் ஊற்றுகிறார்களே, அதே சரக்கு!

புளிப்பை அளக்கும் கோல் பி.எச். எனப்படும். 1909-ல் அதை வகுத்தவர் டென்மார்க்கின் சோரன்சன். அவர் வேலை பார்த்தது கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில். (குடிமக்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) நல்ல தண்ணீருக்கு 7. ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும். 4 என்றால் ஆயிரம் மடங்கு. 3 என்றால் பத்தாயிரம் மடங்கு. 4-ஐ நெருங்கும்போதே மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து பயிரின் வேரைக் கருக்கத் தொடங்கிவிடும்.

இதற்கு மாற்று மருந்து கடல்நீரிலேயே இருக்கிறது. அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தைப் பிடித்துக் கார்பானிக் அமிலமாக்கும். அது கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் பிரியும். இது ஒருவழிப் பாதையல்ல. படகுத் துறையில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே நேரத்தில் இருப்பதுபோல, இரு பக்கமும் நடந்துகொண்டே இருக்கும். இதைத்தான் சமநிலை என்கிறார்கள். வாயு காற்றோடு போய்விட்டால் தராசு ஒரு பக்கம் சாயும். அமிலம் மேலும் மேலும் செலவாகும்.

ஒரு சின்னக் கணக்கு. கடல்நீர் ஒரு லிட்டர் சுமார் 2.3 மில்லிமோல் அமிலத்தைத் தாங்கும். பி.எச். 3 உள்ள தண்ணீர் லிட்டரில் இருப்பது 1 மில்லிமோல். ஆக, ஒரு லிட்டர் கடல்நீர் இரண்டு லிட்டர் புளிப்புத் தண்ணீரைச் சரிக்கட்டிவிடும். காகிதத்தில் சரி. வயலில் மண் துகள்கள் இதைவிடப் பன்மடங்கு அமிலத்தைப் பதுக்கி வைத்திருக்கின்றன. தண்ணீர் சரியானதும் பதுக்கல் சரக்கு வெளியே வரும். ஒரு தடவை கழுவினால் தீராது.

ஆகவேதான் இங்குள்ள உழவர்கள் வருஷம் முழுவதும் கழுவுகிறார்கள். கோடையில் சேற்றைக் கூம்பு கூம்பாகக் குவிப்பார்கள். பருவமழை உப்பையும் புளிப்பையும் கரைத்து இறக்கும். வேலியிறக்கத்தில் தூம்பைத் திறந்து அந்தத் தண்ணீரை வெளியேற்றுவார்கள். (தூம்பு நம் தமிழிலும் மதகுதான்.) முளைகட்டிய விதை கூம்பின் தலையில் விழும், ஒரு மாதத்தில் கூம்பை வெட்டி, நாற்றை மண்ணோடு பரப்புவார்கள். அறுவடையில் கதிரை மட்டும் கொய்து தாளை விட்டுவிடுவார்கள். பிறகு நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை கடல்நீர் புகுந்து இறால் வளரும். அழுகும் தாள் இறாலுக்கு இரை. நீர் நிற்கும் சேற்றில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் இரும்பை மாற்றும்போதும் அமிலம் செலவாகிறது. உரமும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. 2008-ல் பொக்காளிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கூலி கட்டாமல் பலர் நெல்லை விட்டுவிட்டார்கள். வரப்பு உடைந்து, தூம்பு பழுதாகி வறண்டு கிடக்கும் வயலில் திராவகம் ஊறத் தொடங்கும்.

அஸ்திவாரம் தோண்டும் தமிழ்த் தொழிலாளர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. தோண்டிப் போட்ட கறுப்புச் சேறு சில வாரம் வெயிலில் கிடந்து, மஞ்சள் திட்டு விழுந்து, துருநிறத் தண்ணீர் கசிந்தால் உஷாராக வேண்டும். அது சிமெண்டையும் கம்பியையும் அரிக்கும். அந்தச் சேற்றைக் குழிக்குள்ளேயே தள்ளி மூடாமல், ஒரு லிட்மஸ் காகிதத்தை நனைத்துப் பார்ப்பது மலிவான காரியம். நீலக் காகிதம் சிவந்தால் மேஸ்திரியிடம் சொல்லிவிடலாம்.