கூரை பறந்தால் காப்புறுதி தருமா?

1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட கிழக்கு மக்களுக்குக் கூரையின் அருமை தெரியும். ஆனால் வங்கிக் கடனுக்காக எடுத்த காப்புறுதிப் பத்திரத்தை வாசித்தவர்கள் நம்மில் சிலரே. அடிப்படைத் தீக் காப்புறுதியில் பெரும்பாலும் தீயும் மின்னலும்தான் அடங்கும். புயல், வெள்ளம் என்பவற்றை மேலதிகக் கட்டணம் செலுத்தியே சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் உக்கிய மரம், கறையான், நாட்பட்ட ஒழுக்கு ஆகியவற்றுக்கு நட்டஈடு கிடையாது. தகாபுல் எடுத்தவர்களும் இதைப் பார்க்கத்தான் வேண்டும்.

மாணவர்களுக்கு இதை நான் கணக்காகவே கொடுப்பதுண்டு. மீளக் கட்ட 80 இலட்சம் செல்லும் வீட்டை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், 2 இலட்சம் சேதத்துக்கு 1 இலட்சமே கணிக்கப்படும். அதிலும் நாம் பொறுப்பேற்க வேண்டிய தொகை கழியும்.

சீற் உடைந்தால் முதலில் படமெடுங்கள், பிறகு மூடுங்கள். மதிப்பீட்டாளர் வரும்வரை உடைந்த துண்டுகளை வீச வேண்டாம்.