அப்பாவோட கார்... இன்னும் எத்தனை வருஷம்?

கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆகிட்டீங்க. கேங்குக்கு ட்ரீட் கொடுத்து பர்ஸ் காலியாகி வீட்டுக்கு வந்தா, அப்பா ஒரு குண்டைத் தூக்கிப் போடறார்... ''நம்ம வண்டியை நீயே வெச்சுக்கோப்பா. நான் இனிமே எங்கே ஓட்டப் போறேன்?''

வாசலில் நிக்கிறது 15 வயசை நெருங்கற செடான். மீட்டர்ல 1,30,000 கி.மீ. 'ஓசியில கார்'னு மனசு டான்ஸ் ஆடற அந்த நேரம் பார்த்து, காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து மாமா எட்டிப் பார்ப்பார். ''தம்பி, ஒரு லட்சம் தாண்டிட்டா எஞ்சின் அவ்ளோதான். வந்த விலைக்குத் தள்ளிவிட்டுட்டு புதுசு வாங்கு!''

யார் பேச்சைக் கேட்கறது? அப்பாவா... மாமாவா?

மாமா மேல தப்பு இல்லை. அவர் ஓட்டிப் பழகினது அம்பாஸடர் காலம். கார்புரேட்டர் எஞ்சின்ல காலையில சோக் இழுத்து ஸ்டார்ட் பண்ணினா, தேவைக்கு மேல பெட்ரோல் உள்ளே இறங்கும். அது சிலிண்டர் சுவத்துல இருக்கற ஆயிலைக் கழுவிவிட்டுடும். அப்புறம் இரும்பும் இரும்பும் உரசும். ரிங் தேயும், புகை அடிக்கும், 'எஞ்சினைப் பிரிக்கணும் சார்'னு மெக்கானிக் தலையைச் சொறிவார். பல பழைய கார்களில் மீட்டருக்கே அஞ்சு இலக்கம்தான். 99,999 தாண்டினா மறுபடி சைபர்! அதைத் தாண்டியும் இந்த வண்டி ஓடும்னு செஞ்சவங்களே பெருசா எதிர்பார்க்கலை போல.

இன்னிக்குக் கதை வேற. எவ்வளவு பெட்ரோல் தெளிக்கணும்னு கம்ப்யூட்டர் கணக்குப் போடுது. சிலிண்டர் கடைசல் துல்லியமாகிடுச்சு. ஆயில் தரம் ஏறிடுச்சு. பாடியை அப்படியே பெயின்ட் தொட்டிக்குள்ள முக்கி, கரன்ட் செலுத்தி, இண்டு இடுக்கெல்லாம் ப்ரைமர் ஒட்ட வைக்கறாங்க. விளைவு? ஒழுங்கா சர்வீஸ் பண்ணின ஒரு பெட்ரோல் செடான், எஞ்சினைப் பிரிக்காமலே இரண்டரை லட்சம், மூணு லட்சம் கி.மீ. ஓடறது இப்ப பெரிய சாதனை கிடையாது. அமெரிக்க ரோடுகளில் 2025-ல் ஓடிட்டு இருந்த கார், லைட் டிரக்குகளோட சராசரி வயசே 12.8 வருஷம். சராசரியே அவ்வளவுன்னா, அதுக்கு மேல வயசான வண்டிகள் எத்தனை ஓடுதுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

'மில்லியன் மைல் ஜோ'னு ஒரு அமெரிக்கர். மெய்ன் மாநிலக்காரர். 1990 மாடல் ஹோண்டா அக்கார்டை 1996-ல செகண்ட் ஹேண்டா வாங்கினார். அப்பவே அது 74,000 மைல், அதாவது கிட்டத்தட்ட 1,20,000 கி.மீ. ஓடியிருந்தது. நம்ம மாமா அங்கே இருந்திருந்தா 'வேணாம் தம்பி'ன்னு தடுத்திருப்பார்! 2011 அக்டோபர்ல அந்த வண்டி பத்து லட்சம் மைலைத் தொட்டுச்சு. நம்ம கணக்குல 16 லட்சம் கி.மீ.! ஊரே ஊர்வலம் நடத்தி, ஹோண்டா கம்பெனி ஒரு புது அக்கார்டைப் பரிசா கொடுத்தது. இத்தனைக்கும் அது ஸ்போர்ட்ஸ் காரோ சொகுசுக் காரோ இல்லை. பசங்களை ஸ்கூல்ல விட்டுட்டு ஆபீஸ் போற சாதாரண ஃபேமிலி செடான்.

உடனே 'நம்ம வண்டியும் 16 லட்சம் ஓடும்'னு காலரைத் தூக்காதீங்க பாஸ். நம்ம வீடுகளில் ஒரு கார் வருஷத்துக்கு ஏறக்குறைய 12,000 கி.மீ. ஓடும். அந்த ஸ்பீடுல 16 லட்சம் தொட 133 வருஷம் ஆகும். உங்க கொள்ளுப் பேரன்தான் கேக் வெட்டணும்.

விஷயமே இங்கேதான் இருக்கு. காருக்கு ரெண்டு வயசு. ஒண்ணு கிலோமீட்டர் வயசு, இன்னொண்ணு காலண்டர் வயசு. ஜோ காட்டினது முதல் வயசு. நம்ம வண்டிகளைச் சாய்க்கறது பெரும்பாலும் ரெண்டாவது.

ஒரு கால் டாக்ஸியை எடுத்துக்கோங்க. தினம் 200 கி.மீ. ஓடினா வருஷத்துக்கு அறுபதாயிரம், எழுபதாயிரம் ஆகிடும். மூணு லட்சம் தாண்டின எட்டியோஸ் டாக்ஸிகளில் நீங்களே எத்தனையோ தடவை ஏறியிருப்பீங்க. ஆனா, மாமியை கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் கூட்டிட்டுப் போன, 'சிங்கிள் ஓனர், டாக்டர் யூஸ்டு' வண்டி 60,000-லயே இருமும். ஏன்? எஞ்சின் அதிகமா தேயறதே ஆறிக் கிடந்து ஸ்டார்ட் ஆகற அந்த முதல் சில நிமிஷங்கள்லதான். ஆயில் இன்னும் மேல ஏறியிருக்காது. ரெண்டு கி.மீ.ல நிறுத்திட்டா, எஞ்சின் முழுசா சூடாகறதே இல்லை. உள்ளே சேர்ற தண்ணி ஆவியாகிப் போகாம ஆயிலோட கலந்து கெடுக்கும். டாக்ஸி ஒரு தடவை சூடாகி நாள் முழுக்க ஓடுது. கோயில் வண்டி ஒரு நாளைக்கு நாலு தடவை ஆறிச் சூடாகுது. அதனால் மீட்டரை மட்டும் பார்த்து ஒரு வண்டியை எடை போடறவங்க ஏமாறத்தான் செய்வாங்க. மீட்டரைத் திருப்பறவங்களும் ஊர்ல இருக்காங்கங்கறது தனிக்கதை.

காலண்டர் வயசு வேலையைக் காட்டறது முதல்ல ரப்பர்ல. சஸ்பென்ஷன் புஷ், எஞ்சின் மவுன்ட், ரேடியேட்டர் ஹோஸ், கதவு பீடிங் எல்லாம் வண்டி ஓடினாலும் ஓடாட்டியும் வெயில்ல காய்ஞ்சு வெடிக்கும். ஒரு 400 ரூபாய் ஹோஸ் ஹைவேல பிய்ஞ்சு, கூலன்ட் கொட்டி, டெம்பரேச்சர் முள் ஏறினதைக் கவனிக்காம இன்னும் ரெண்டு கி.மீ. ஓட்டினா போதும்... ஹெட் வளைஞ்சிடும். 'எஞ்சின் போயிடுச்சு'னு சொல்ற பல வண்டிகளில் முதல்ல போனது எஞ்சின் இல்லை, இந்த மாதிரி ஒரு சில்லறைச் சாமான்தான். அப்புறம், கூலன்ட் குறைஞ்சிருக்குன்னு போர் தண்ணியை ஊத்தற வேலை வேண்டவே வேண்டாம். நம்ம ஊர் உப்புத் தண்ணி ரேடியேட்டரை உள்ளேயிருந்து தின்னும்.

டைமிங் பெல்ட் இருக்கற எஞ்சினா, செயின் இருக்கற எஞ்சினான்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. இருங்காட்டுக்கோட்டையில 1999-ல இருந்து தயாரான ஹூண்டாய் ஆக்சென்ட் பெட்ரோல்ல பெல்ட். 2003-ல வந்த ஹோண்டா சிட்டியில செயின். செயின் பொதுவா எஞ்சின் கூடவே வரும். பெல்ட்டை கம்பெனி சொன்ன கி.மீ.ல, இல்லைன்னா சொன்ன வருஷத்துல மாத்தியே ஆகணும். பெரும்பாலான எஞ்சின்களில் ஓடறப்ப அது அறுந்தா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். அப்புறம் கிரேன்தான்.

ஆட்டோமேட்டிக் வண்டின்னா கியர்பாக்ஸ் ஆயிலைப் பத்திக் கேளுங்க. ''அது லைஃப் டைம் சார், மாத்தவே வேணாம்'' என்பாங்க. யாரோட லைஃப்? பல சமயம் அந்த கியர்பாக்ஸோட லைஃப்தான்!

கடலோர ஊரா? திருவான்மியூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி பக்கம் நிக்கிற வண்டியில எதிரி துருதான். எஞ்சினை மாத்தலாம், கியர்பாக்ஸை மாத்தலாம். கிரீஸ் நாட்டுல ஒரு டாக்ஸி டிரைவர் 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி-யை 46 லட்சம் கி.மீ. ஓட்டினார். எஞ்சினை அவர் பலமுறை இறக்கி ஏத்தினார். 2004-ல அந்த வண்டி கம்பெனி மியூசியத்துக்குப் போச்சு. ஆனா, ஃப்ளோரும் சேஸிஸும் துருப்பிடிச்சு உதிர ஆரம்பிச்சா டிங்கரிங் எல்லாம் கண்துடைப்பு. மழை வெள்ளத்துல முங்கின வண்டியும் அப்படித்தான். 2015 சென்னை வெள்ளத்துலயும், 2023 மிக்ஜாம் புயல்லயும் சீட் வரைக்கும் தண்ணி ஏறின கார்கள் எத்தனை! அதில் பாலிஷ் போட்டு வெளியூருக்கு வித்தவையும் உண்டு. ஒயரிங்ல ஏறின ஈரம் பல மாசம் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும்.

சரி, இப்ப காசு மேட்டர். அப்பா வண்டியை வித்துட்டு 8 லட்ச ரூபாய் லோன் போட்டுப் புதுசு வாங்கறீங்கன்னு வெச்சுக்கோங்க. 9 சதவிகித வட்டி, அஞ்சு வருஷம்னா மாசம் சுமார் 16,600 ரூபாய் இ.எம்.ஐ. வருஷத்துக்கு ரெண்டு லட்சம். முதல் சம்பளத்துல பெரிய ஓட்டை! பழைய வண்டிக்கு கிளட்ச், சஸ்பென்ஷன், டயர்னு ஒரு வருஷத்துல 60,000 செலவானாலும் உங்களுக்கு லாபம்தான். ''வண்டி விலையே ஒண்ணரை லட்சம், அதுல 60,000 போடறதா?''ன்னு மாமா கேட்பார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்ங்கற கதையா அவருக்குத் தெரியும். ஆனா, நீங்க ஒப்பிட வேண்டியது வண்டியோட விற்பனை விலையை இல்லை, இன்னொரு வண்டிக்கான செலவை. அதே 60,000 வருஷா வருஷம் கேட்க ஆரம்பிச்சா, அல்லது துரு சேஸிஸுக்கு வந்துட்டா, அப்ப மாமா ஜெயிச்சார்.

சட்டம் என்ன சொல்லுது? சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம். அது முடியறதுக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியைக் காட்டி ரின்யூவல் பண்ணினா இன்னும் 5 வருஷம். 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டின கார்னா 10,000-ன்னு 2025 ஆகஸ்ட்ல ஏத்திட்டாங்க. பசுமை வரி தனி. டெல்லியில பத்து வருஷ டீசல், பதினஞ்சு வருஷ பெட்ரோல் வண்டிகளுக்கு வந்த தடையைக் கேள்விப்பட்டு பயப்படாதீங்க, அது அந்தப் பக்கத்துக் கதை. ஆனா, அதனாலயே அங்கேயிருந்து 'சீப் ரேட்' வண்டிகள் தெற்கே வருது. என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய வரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டா அவ்வளவு சீப்பா இருக்காது.

புதுசா ஒரு தலைவலி, பெட்ரோல்லயே வந்திருக்கு. 2025-ல் நாடு முழுக்க 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தாச்சு. பழைய வண்டிகளில் மைலேஜ் கொஞ்சம் குறையும்னு அரசே சொல்லியிருக்கு. ஃப்யூயல் ஹோஸ், கேஸ்கெட் மாதிரி ரப்பர் சமாசாரங்களை சர்வீஸ்ல அடிக்கடி பார்க்கச் சொல்லுங்க. பெட்ரோல் வாடை வந்தா நாளைக்குன்னு தள்ளாதீங்க.

கம்பெனி ஆயுசும் ஒரு கணக்கு. மறைமலை நகர்ல ஃபோர்டு ஐகான் வந்தப்ப கேம்பஸே மயங்கிச்சு. அதே ஃபோர்டு இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தறதா 2021-ல அறிவிச்சது. செவர்லே வித்த ஜெனரல் மோட்டார்ஸ் 2017-லயே விற்பனையை நிறுத்திடுச்சு. பார்ட்ஸ் கிடைக்கற வரைக்கும்தான் வண்டி. பழைய ஸ்டார்ட்டர் மோட்டாரை புதுப்பேட்டையில தேடிப் பிடிச்சிடலாம். இன்னிக்கு வர்ற செடான்ல இருக்கற டச் ஸ்கிரீனையும் சென்ஸாரையும் 15 வருஷம் கழிச்சு எங்கே தேடறது? இப்போதைய கார்களோட ஆயுசை முடிக்கப் போறது பிஸ்டன் இல்லை, ஒரு சர்க்யூட் போர்டாத்தான் இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம்.

கடைசியா, கொஞ்சம் சீரியஸ். 'ஓடுது' என்பதும் 'உங்களைக் காப்பாத்தும்' என்பதும் ஒண்ணு இல்லை. நம்ம நாட்டுல எல்லா புதுக் கார்லயும் ஏ.பி.எஸ்., டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019-லதான். அப்பா வாங்கினது பேஸ் மாடல்னா ரெண்டுமே இல்லாம இருக்கலாம். ஏர்பேக் இருந்தா இன்னொரு வேலை இருக்கு. டகாட்டா கம்பெனி செஞ்ச இன்ஃப்ளேட்டர்கள் பல வருஷ வெப்பத்துலயும் ஈரத்துலயும் கெட்டு, விரியறப்ப உலோகத் துண்டுகளை முகத்துல தெறிக்கவிட்டு உலகம் முழுக்க உயிர்களைப் பறிச்சிருக்கு. வெப்பமும் ஈரமும்... நம்ம ஊர் வானிலை அறிக்கை மாதிரியே இல்லை? ஹோண்டா சிட்டி உட்பட பல மாடல்களை இங்கேயும் திருப்பிக் கூப்பிட்டு இலவசமா மாத்திக் கொடுத்தாங்க. உங்க வண்டியோட சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டா, அது லிஸ்ட்ல இருக்கா, மாத்தியாச்சான்னு டீலரே சொல்லிடுவார். அஞ்சு நிமிஷ வேலை.

இந்த ஞாயித்துக்கிழமை காலையில, எஞ்சின் ஆறிக் கிடக்கறப்பவே பானெட்டைத் திறங்க. ஆயில் மூடியைக் கழட்டிப் பாருங்க. உள்ளே மயோனைஸ் மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்தா மெக்கானிக்கிட்ட விசாரிக்கணும். ஸ்டார்ட் பண்ணிட்டு பின்னாடி போய் நில்லுங்க. நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. வெள்ளைப் புகை நிக்காம வந்தா கூலன்ட் உள்ளே போகுது. ஃப்ரிட்ஜ்ல ஒட்டற காந்தத்தைக் கதவுக்குக் கீழே, வீல் ஆர்ச் மேல ஓட்டிப் பாருங்க. ஒட்டாத இடத்துல பட்டி போட்டு மறைச்சிருக்காங்க. மேட்டைத் தூக்கி ஃப்ளோரைத் தட்டுங்க. டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும். 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. பட்டன் தேயாம இருந்தாலும் அதுக்கு ரிட்டயர்மென்ட் கொடுங்க. ஸ்டெப்னியையும் மறக்காம பாருங்க. பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்தினதுன்னு அப்பாவைக் கேளுங்க. 'அதை வேற மாத்தணுமா?'ன்னு அவர் திருப்பிக் கேட்டா, முதல் செலவு அதுதான்.

எல்லாம் ஓ.கே. ஆனதும் பக்கத்து வீட்டு மாமாவை ஒரு ரவுண்ட் கூப்பிடுங்க. முன் சீட்லயே உட்காரட்டும்... பெல்ட் போட்டு!