சானடோரியங்கள் காலியானதில் சேத்துப்பட்டுக்குப் பங்கு உண்டு, தெரியுமா?

மின்ரயிலில் தாம்பரம் சானடோரியம் நிலையத்தைத் தினமும் கடக்கிறவர்களே, 1928-ல் அங்கே காட்டுக்கு நடுவே காசநோயாளிகளுக்குக் கட்டில் போட்டவர் யார் தெரியுமா? டாக்டர் சௌரி முத்து! அதற்கு முன்பே இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் காசநோய்ச் சானடோரியம் நடத்தியவர். 1917-ல் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றவர், சாட்சாத் கணித மேதை ராமானுஜன்!

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே அடையாளம் காட்டிவிட்டார். ஆனால் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல்தான்! அதுவரை திறந்தவெளிக் காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் முக்கிய வைத்தியம். ராமானுஜன் அடுத்துப் போன மேட்லாக் சானடோரியத்தில் குளிர்காய நெருப்புகூட மூட்ட விடவில்லை. குளியலறை மட்டும்தான் கதகதப்பு. பேனா, பேப்பரோடு தினமும் அங்கே போய்விடப் போவதாக நண்பருக்குக் கடிதம் எழுதினார், பாவம். இதில் கொடுமை என்ன தெரியுமா? அவருக்கு வந்தது காசநோயே இல்லை, அமீபாவால் வந்த கல்லீரல் நோய் என்று 1994-ல் ஒரு மருத்துவர் ஆதாரங்களோடு வாதிட்டார்!

மருந்தில்லாத அந்தக் காலத்தில் அமெரிக்காவின் வேவர்லி ஹில்ஸ் சானடோரியத்தில், இறந்தவர்களை மற்ற நோயாளிகள் கண்ணில் படாமல் சுரங்கப்பாதை வழியே இறக்கினார்கள். 1961-ல் மூடப்பட்ட அந்தக் கட்டடத்துக்கு இன்று டிக்கெட் வாங்கிப் பேய் பார்க்கப் போகிறார்கள்!

மருந்து வந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. சானடோரியத்தில் இடம் கிடைக்காத ஏழைக்கு வீட்டிலேயே குணமாகுமா? 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு அதைச் சோதித்தது. 193 நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் சானடோரியத்துக்கு, மீதிப் பேர் நெரிசலான தங்கள் வீட்டுக்கே. இரு தரப்புக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடம். சானடோரியக்காரர்களுக்கு நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, எடையும் கூடியது. வீட்டில் இருந்தவர்களுக்கோ அரைகுறைச் சாப்பாடு, அதோடு வேலை வேறு. முடிவு 1959-ல் வெளியானது. குணமானதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை! சென்னையின் ஏழைக் குடும்பங்கள் தந்த இந்தப் பதிலை உலகமே எடுத்துக்கொண்டது.

அதனால்தான் இன்று பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊரில் ஒருவருக்குக் காசநோய் வந்தால் ஊரையும் பிள்ளைகளையும் விட்டு மாதக்கணக்கில் தாம்பரத்தில் கிடக்க வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம், மாத்திரையும் இலவசம். சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். 2024 அக்டோபர் வரை அது 500 ரூபாயாகத்தான் இருந்தது, தெரியுமா?