பெறுநர், பொருள்

சிறுபத்திரிகைகளில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பத்திரிகைப் பதிவுச் சட்டத்தின் பிடியில் சிக்காமலிருக்கக் கையாண்ட உபாயம். நான் அதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டேன். மாதம் ஒரு தாள் எழுதி, இருபக்கமும் ஜெராக்ஸ் எடுத்து, தெரிந்த நாற்பது பேருக்குத் தபாலில் அனுப்புகிறேன். பத்திரிகை என்றால் சிரிப்பார்கள். மடல் என்று வைத்துக்கொள்வோம்.

பத்து வருஷம் விமர்சனம் எழுதியும் நான் என்ன நினைக்கிறேன் என்பது எனக்கே தெளிவாக இல்லை. அதற்காகத் தொடங்கியது இது. இரண்டாவது தாளில் ஓர் ஒப்பாரியைப் பற்றி எழுதியிருந்தேன். செத்துப்போன புருஷனைப் புகழ்ந்துகொண்டே போகிற பாட்டு. நடுவில் அவன் அடித்த அடியும் வந்துவிடுகிறது. ‘பிரதி இங்கே தன்னைத்தானே கட்டுடைத்துக்கொள்கிறது’ என்று முடித்தேன். ஆலங்குடியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கார்டு போட்டார்: “தம்பி, தானா எப்படிப்பா ஒடையும்? யாராச்சும் ஒடைக்கணும்ல?”

மூன்று நாள் பதில் எழுத வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது. பாடுகிறவள் தெரிந்தேதான் அந்த அடியைச் சொல்கிறாள். எழவு வீட்டில், ஊரே உட்கார்ந்திருக்க, யாரும் அவள் வாயை மூட முடியாத அந்த ஒரு நேரத்தில் சொல்கிறாள். ‘பிரதி’ என்ற என் எழுவாய் அவளை வாக்கியத்திலிருந்தே வெளியேற்றிவிட்டது. இதே வரியை ஒரு கருத்தரங்கில் வாசித்திருக்கிறேன். கைதட்டினார்கள்.

1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கினார். 1970 வரை 119 இதழ்கள். அவருடைய அலசல் விமர்சனம் முன்பே தயாராகி, பிறகு பத்திரிகையில் இறக்கிவைக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. க.நா.சு.வோடு மாறுபட்டு மாறுபட்டுத்தான் அது தெளிந்திருக்க வேண்டும். க.நா.சு.வும் 1963இல் ‘இலக்கிய வட்டம்’ என்று தனக்கொன்று தொடங்கிக்கொண்டார்.

புதுக்கோட்டைக்காரனுக்கு இன்னொரு பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, 1991-92இல், இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. பெண்கள் சைக்கிள் கற்றதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எழுத்துக் கூட்டக் கற்றவர்கள் மனு எழுதத் துணிந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மனுவுக்கு ஓர் இலக்கணம் உண்டு: அனுப்புநர், பெறுநர், பொருள். யாரிடம் பேசுகிறோம், என்ன வேண்டும் என்று தெரியாமல் அதை ஆரம்பிக்கவே முடியாது. நம் கோட்பாட்டுக் கட்டுரைகளிலோ அனுப்புநர் மட்டுமே இருக்கிறார், அதுவும் கொட்டை எழுத்தில்.

மூன்றாவது தாளிலிருந்து தலைப்பில் ‘பொருள்’ என்று ஒரு வரி போடுகிறேன். அந்த வரி வராவிட்டால் நான் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். அந்த மாதம் தாள் தாமதமாகும். முதல்படி கையெழுத்தில்தான். மேற்கோள்களைக் கடைசியில் பார்த்துக்கொள்கிறேன், பாதி விழுந்துவிடுகின்றன. போன தாளில் தப்பாகச் சொன்னதைத்தான் அடுத்ததில் முதலில் எழுதுவது. கூச்சமாகத்தான் இருக்கிறது. நாற்பதை நானூறாக்கு என்கிறான் நண்பன் ஒருவன், எனக்கு மனசில்லை. இந்த நாற்பது பேர் ஒவ்வொருவரும் எந்த வரியில் முகம் சுளிப்பார்கள் என்று எழுதும்போதே தெரிகிறது.

ஒப்பாரியைத் திருத்தி எழுதிய தாளுக்கும் ஆலங்குடியிலிருந்து கார்டு வந்தது. “இப்ப புரியுது தம்பி. அந்தம்மா பேரு என்ன?” பாட்டை டேப்பில் பதிவு செய்த அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த மாதத் தாளில் பொருள் அதுதான்.