ஒழுகத்தான் அந்த ஓட்டை

கார் எஞ்சினின் வாட்டர் பம்ப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், தண்டு வெளியே வரும் பக்கத்துக்குச் சற்று உள்ளே சின்னதாக ஒரு துளை தெரியும். போல்ட் போடும் துளை அல்ல, மரையே இருக்காது. வார்ப்பில் விழுந்த குறையும் அல்ல. உள்ளே கசிவது வெளியே ஒழுகட்டும் என்று, பம்ப்பைச் செய்தவர்களே வைத்த வழி அது. கூலன்ட் ஒழுகும் வண்டி ஷெட்டுக்கு வந்தால், விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது அதைத்தான். தெரியாதவர் எம்சீலை உருட்டி அடைத்துவிடுவார். ஒழுகல் நின்றதுபோல இருக்கும். கொஞ்ச நாளில் பேரிங் கத்த ஆரம்பிக்கும்.

பம்ப்பின் ஒரு பக்கம் பெல்ட் சுற்றும் புல்லி. மறுபக்கம் கூலன்ட்டைத் தள்ளும் இம்பெல்லர். இரண்டையும் சேர்க்கும் தண்டின் ஒரு முனை வெளிக்காற்றிலும் மறுமுனை தொட்டால் தோலுரியும் சூட்டிலுள்ள திரவத்திலும் இருக்கிறது. எஞ்சின் வேகம் பிடித்தால் விநாடிக்கு 50 சுற்றுக்குக் குறையாமல் சுற்றுகிறது. அசையாத இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்க ஒரு ரப்பர் வளையம் போதும். சுற்றும் தண்டுக்கும் அசையாத உடம்புக்கும் நடுவே என்ன செய்வது? இறுக்கினால் தேய்ந்துவிடும், தளர்த்தினால் ஒழுகும்.

இதற்குக் கிடைத்த விடைதான் மெக்கானிக்கல் சீல். முகத்தோடு முகம் பொருந்திய இரண்டு வளையங்கள். ஒன்று கார்பன், மற்றது பீங்கான் அல்லது சிலிக்கான் கார்பைடு. ஒன்று தண்டோடு சுற்றும், மற்றது பம்ப்போடு நிற்கும், ஒரு சுருள்வில் இரண்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்கும். இந்த முகங்கள் எவ்வளவு மட்டமாக இருக்கின்றன என்பதை இத்தொழிலில் ஒளியைக் கொண்டு அளக்கிறார்கள். வளையத்தின் மேல் மட்டமான கண்ணாடி வில்லையை வைத்து, ஹீலியம் விளக்கின் ஒற்றை நிற ஒளியில் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் தோன்றும். ஒரு பட்டை அளவுக்கு வளைவு தெரிந்தால் மேடுபள்ளம் 0.29 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. இரண்டு மூன்று பட்டை வரை போகலாம். அதற்கு மேல் போனால் ஒதுக்கிவிடுவது வழக்கம்.

இத்தனை மட்டமான இரண்டு முகங்கள் அந்த வேகத்தில் உரசினால் நிமிடங்களில் பாழாகிவிட வேண்டுமே? ஆகாததற்குக் காரணம், உள்ளே அடைத்துவைக்கப் பார்க்கிற அதே கூலன்ட்தான். அது முகங்களுக்கு நடுவே படலமாக நுழைந்துவிடுகிறது. படலத்தின் தடிமன் ஒரு மைக்ரான் அளவு. நம் தலைமுடியின் தடிமனில் எழுபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். வழுக்கலைக் கொடுப்பதும் சூட்டைக் கொண்டுபோவதும் அந்தப் படலமே. ஒரு விளிம்பில் திரவமாக நுழைவது மறு விளிம்பை எட்டும்போது ஆவியாகிறது. ஆகக் கொஞ்சம் கசிவதால்தான் இந்த சீலே வேலை செய்கிறது. படலம் இல்லாவிட்டால் கார்பன் முகம் காய்ந்து, சூடேறி, கீறல் விழும். ‘தண்ணி இல்லாம ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பாப்போம்’ என்பது புதுப் பம்ப்புக்குச் செய்யும் துரோகம்.

அந்த ஆவியும் எப்போதாவது வரும் துளியும் எங்காவது போயாக வேண்டும். சீலுக்கு அடுத்து இருப்பது பேரிங், அதற்குள் கிரீஸ். கூலன்ட் அங்கே புகுந்தால் கிரீஸ் கெட்டு, உருண்டைகள் துருப்பிடிக்கும். அதனால்தான் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஓர் இடைவெளியும், அதன் அடியில் அந்தத் துளையும். துளையின் ஓரத்தில் கூலன்ட் நிறத்தில் காய்ந்த லேசான கறை இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. புதுப் பம்ப் ஆரம்பத்தில் சற்றே கசிந்து தானாக நிற்பதும் உண்டு. சொட்டினாலோ, கோடு கோடாக வழிந்து உப்புப் பூத்ததுபோல் தடித்திருந்தாலோ, சீல் முடிந்தது என்று பொருள்.

ஃபோர்டின் 3.5 லிட்டர் வி6 எஞ்சினை இங்கே சொல்ல வேண்டும். எட்ஜ், எக்ஸ்ப்ளோரர் போன்ற வண்டிகளில் இடத்தை மிச்சப்படுத்த பம்ப்பை எஞ்சினுக்குள்ளேயே வைத்து டைமிங் செயினால் சுற்றவிட்டார்கள். சீல் மோசமாகப் போனால் கூலன்ட் ஆயிலில் கலந்துவிடும். மாற்றுவதற்கு எஞ்சினின் முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும். தரையில் சொட்டி நம்மைத் திட்ட வைக்கும் பம்ப் எவ்வளவு நல்ல பம்ப் என்று அந்த வண்டிக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். பம்ப்பே இல்லாமலும் கார்கள் ஓடியிருக்கின்றன. 1908-ல் வந்த மாடல் டி காரில் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு வண்டிகளுக்குப் பிறகு ஃபோர்டே பம்ப்பை எடுத்துவிட்டது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏற, ஆறியது கீழே இறங்க, அந்தச் சுழற்சியே போதும் என்று விட்டார்கள். 20 குதிரைத்திறனுக்கு அது போதும். இன்றைய எஞ்சினுக்குப் போதாது: எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கூலன்ட்தான் வெளியே சுமக்கிறது.

எல்லா ஒழுகலும் துளையிலிருந்து வருவதில்லை. பம்ப்புக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள பேக்கிங் விட்டிருக்கலாம். பல எஞ்சின்களில் பம்ப்பின் பின்புறம் ஓர் இரும்புக் குழாய் ஓ-ரிங்கோடு வந்து செருகியிருக்கும். கண்ணுக்கும் கைக்கும் எட்டாத அந்த ஓ-ரிங் நாளாக ஆகக் கெட்டிப்பட்டுவிடும். புதுப் பம்ப் போட்டும் ஒழுகல் நிற்காத வண்டிகளில், பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டிருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். காற்று கூலன்ட்டை எங்கெங்கோ இறைத்துவிடுவதால், சொட்டும் இடத்தை நம்பக் கூடாது. ஈரம் தொடங்கும் உச்சி எது என்று தேட வேண்டும். நிச்சயமாகத் தெரிய, எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியின் இடத்தில் கைப்பம்ப் ஒன்றை மாட்டி, மூடியில் குறித்திருக்கும் அழுத்தம் வரை காற்றடித்துவிட்டுக் காத்திருந்தால் போதும்.

அந்த அழுத்தம் சும்மா வைத்ததல்ல. மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால், வெறும் தண்ணீரே 100 டிகிரிக்குப் பதில் 120 டிகிரியில்தான் கொதிக்கும். சரிபாதி எத்திலின் கிளைக்கால் கலந்தால் இன்னும் மேலே போகும். சின்ன ஒழுகல் கூலன்ட்டை மட்டும் குறைப்பதில்லை, இந்த அழுத்தத்தையும் இறக்கிவிடுகிறது. அப்போது சிலிண்டரைச் சுற்றிக் குமிழி கிளம்பும். ஆவி சூட்டைத் தண்ணீர் அளவுக்கு வாங்காது, ஹெட் வளையும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகத்தில் பீய்ச்சியடிப்பதும் இதே கணக்குத்தான்.

பழுது பார்ப்பதில் பெரிய ரகசியம் இல்லை, பொறுமைதான் வேண்டும். பழைய பேக்கிங் ஒட்டியிருந்த அலுமினிய முகத்தைக் கீறாமல் சுரண்டி, எண்ணெய் பிசுக்கில்லாமல் துடைக்க வேண்டும். போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, படிப்படியாக, டார்க் ரெஞ்ச்சில் இறுக்க வேண்டும். அலுமினியத்தில் மரை போனால் வேலை இரட்டிப்பு. அனபாண்ட் பசையைத் தாராளமாகப் பூசினால் நல்லது என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாயில் போய் அடைக்கும். ஓ-ரிங்குக்கு கிரீஸ் தடவும் பழக்கமும் ஆபத்து: கூலன்ட்டுக்கென்று செய்யும் ஈபிடிஎம் ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊதிப்போகும். சில சொட்டுக் கூலன்ட்டே தடவிச் செருகினால் வழுக்கிக்கொண்டு போகும். கடைசியில் உள்ளே சிக்கிய காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும்.

நிரப்பும்போது போர் தண்ணீர் வேண்டாம். கடினநீரிலுள்ள கால்சியம் படிந்து குழாய்களை அடைக்கும், குளோரைடு அலுமினியத்தை அரிக்கும், படிவின் துகள் அந்த ஒரு மைக்ரான் படலத்துக்குள் போய்க் கார்பன் முகத்தைக் கீறும். டிஸ்டில்டு வாட்டரும் கம்பெனி சொல்லும் கூலன்ட்டும் பம்ப் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

இறக்கிய பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ தெருவிலோ ஊற்றிவிடாதீர்கள். எத்திலின் கிளைக்கால் இனிக்கும். தெருநாய் நக்கும், குழந்தையும் வாயில் வைக்கும். ஈரலில் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிக் கொல்லும். மூடியுள்ள கேனில் பிடித்து, எட்டாத இடத்தில் வைத்து, கழிவு ஆயில் எடுப்பவர்கள் இருக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.