ஐ.சி.யூ.வுக்கு முன்னால் ஜெனரல் வார்டு

அரியலூர் மாவட்டம் தா.பழூர் பக்கத்திலிருந்து நர்சிங் படிக்கப் போகும் பெண்கள் பலருக்கும் ஐ.சி.யூ., டயாலிசிஸ், பச்சிளங்குழந்தைப் பிரிவு என்று சிறப்புப் பிரிவுகளின் மீதுதான் கண். நியாயமான ஆசைதான். ஆனால் அந்த வேலைக்கு வேண்டிய கண்ணும் கையும் ஜெனரல் வார்டிலும் கேஷுவாலிட்டியிலும்தான் பழகுகின்றன.

கொள்ளிடக் கரை வயல்காட்டுப் பகுதி இது. பாம்புக்கடிக்கு ஆள் வந்தால், சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் நிறுத்தி வைப்பார்கள். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்பு போட்டுக் கழுவியதாக இருந்தாலோ, அவசரப்பட்டு இடையில் ஆட்டினாலோ முடிவு தப்பாகிவிடும். பெயரில் விரியன் இருந்தாலும், கட்டுவிரியன் கடித்தவருக்கு ரத்தம் சரியாகவே உறையும். அவருக்கு இமை சரிகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விஷமுறிவு மருந்து ஏறும்போது உடம்பில் தடிப்போ மூச்சிரைப்போ வந்தால் உடனே போட அட்ரினலின் பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு மாணவி சீனியர் சிஸ்டர் பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், பிறகு மறக்காது.

ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருப்பவரால் ‘மூச்சு முட்டுது’ என்று சொல்ல முடியாது. வாய் திறந்து சொல்லும் நோயாளிகளோடு வார்டில் பழகியவர்தான், சொல்லாதவரின் முகத்தையும் மூச்சையும் படிப்பார். மானிட்டர் அலாரம் அடிப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. தமிழகத்தில் அன்று திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. பெரிய கேஸ் என்றாலே தஞ்சாவூர், திருச்சி என்று ஓடிய மாவட்டத்துக்கு இது பெரிய மாற்றம். நோயாளிகள் சேரும் இடத்தில்தான் மாணவிகளுக்கும் பாடம் இருக்கிறது.

ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கும் விகிதம். பி.எஸ்சி. படிப்பு நான்கு ஆண்டு. புதிய பாடத்திட்டத்தில் கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப்புக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரே கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேரை நிறுத்தினால், முன்னால் நிற்கும் இரண்டு பேர்தான் கற்றுக்கொள்வார்கள். பார்க்காத பிரசவத்தைக் கேஸ் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்குவதை என்னால் சின்னத் தப்பாக நினைக்க முடியவில்லை. நாளைக்கு அந்தப் பெண்ணை நம்பி ஒரு தாய் படுத்திருப்பாள்.

வளைகுடா வேலைகளுக்குப் பெரும்பாலும் நர்ஸாகப் பதிவு செய்த பிறகு இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். அனுபவச் சான்றிதழை மருத்துவமனையிலேயே விசாரித்துச் சரிபார்க்கவும் செய்கிறார்கள். மாணவியாக இருந்த நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. அந்த இரண்டில் முதல் ஆண்டையாவது மெடிக்கல் வார்டில் கழிப்பது நல்லது என்பேன்.

சேர்க்கைக்கு அழைத்துப் போகும் பெற்றோர் ஃபீஸ், ஹாஸ்டல் பற்றி விசாரிப்பதோடு, போஸ்டிங் எந்த மருத்துவமனையில், அங்கே தினமும் எத்தனை படுக்கை நிரம்புகிறது, வார்டில் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் கூடவே வருவாரா, நைட் டியூட்டிக்குப் போய்வர வண்டி உண்டா என்றும் கேட்க வேண்டும். முடிந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே அந்த மருத்துவமனைக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.